சம்பந்திக்கு, ரோஸ் கலர் பெட்டி விஷயமாக

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நான், என் மனைவி, உங்கள் மகன், உங்கள் மருமகள் ஆகிய நால்வரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே தாங்களும் சம்பந்தி அம்மாவும் அதேபோல் இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். குறிப்பாகத் தங்கள் இடது முழங்கால். சமையலறையில் கிடந்த மரப்பெட்டி தடுக்கித் தாங்கள் விழுந்ததாகச் செய்தி வந்ததிலிருந்து என் மனைவி தினமும் அந்த முழங்காலைப் பற்றித்தான் விசாரிக்கிறாள். முப்பத்தைந்து வருடம் ஊரார் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்து கல் நட்டவர் நீங்கள். சொந்த வீட்டில் ஒரு பெட்டியில் தடுக்கி விழுந்தீர்கள் என்றால் தப்பு பெட்டியுடையதாகத்தான் இருக்க வேண்டும். அடுப்படியில் எதற்கும் உதவாத அந்தப் பெட்டியைத் தூக்கி வெளியே போடப் போவதாகப் போனில் சொன்னீர்கள். இந்நேரம் போட்டிருப்பீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வர மனமில்லாமல்தான் இவ்வளவு நேரம் முழங்காலைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் பை கம்பெனியில் புது மாடல் பைகளை உருவாக்கப் புதிதாகத் தொடங்கும் மாதிரிப் பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பு மாப்பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. தாங்கள் நின்றுகொண்டு படிப்பதாக இருந்தால் தயவுசெய்து உட்கார்ந்துகொள்ளவும். அந்தப் பொறுப்பும் பரிசும் தங்கள் வீட்டு வாசல் ஏற வேண்டும் என்று மூன்று முறை போன் செய்தீர்கள். மூன்றாவது முறை, "பொம்பளைங்க சொன்ன வேலையைச் சுத்தமா செய்வாங்க சம்பந்தி. புதுசா யோசிக்கிறதுக்கு ஆம்பளைதான் வேணும். முப்பத்து நாலு வருஷமா என் வீட்டுலயே பாக்குறேனே" என்றீர்கள். நானும் "ஆமாம் ஆமாம்" என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன். அதற்கப்புறம் நடந்ததை ஒன்று விடாமல் எழுதினால்தான் தங்களுக்கு என்மேல் வருகிற கோபம் பாதியாவது குறையும் என்று என் மனைவி சொல்கிறாள். அவள் பேச்சை நான் கேட்பதில்லை என்று தங்களுக்கு ஒரு எண்ணம் உண்டு. கேட்பேன், கொஞ்சம் தாமதமாக.

எங்கள் மேனேஜருக்கு முப்பத்தொரு வயது. நல்ல பிள்ளை. அவரிடம் குறை என்று பார்த்தால் ஒன்றுதான், எந்த வகுப்புக்கு அனுப்பினாலும் முழுசாகக் கவனித்துவிட்டு வந்துவிடுவார். மூன்று மாதத்துக்கு முன்னால் அவரை இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். வேலையிடத்தில் ஆண் பெண் வேறுபாடு, ஊழியர்களின் படைப்பாற்றல் என்று தலைப்பு. திரும்பி வந்தவர் என்னைக் கூப்பிட்டு, பெரிய பெரிய ஆட்களெல்லாம் இதை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், ஒருவர் ஆண் என்கிறார், ஒருவர் பெண் என்கிறார், ஒருவர் இரண்டும் ஒன்றுதான் என்கிறார், நம் கம்பெனியில் எப்படி என்று ஆறு வாரத்தில் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று என் தலையில் கட்டிவிட்டார். யாருடைய யோசனை சிறந்ததோ அவருக்குத்தான் ஒரு பரிசும் மாதிரிப் பிரிவின் தலைமையும் என்றும் அறிவித்துவிட்டார். நான் இருபத்தேழு வருடமாக ஜிப் ஓடுகிறதா, ஓடவில்லையா என்பதைத் தவிர வேறு எதையும் ஆராய்ந்தவன் இல்லை. ஆனாலும் சூப்பர்வைசர் என்று ஒரு பெயர் இருக்கிறதே, தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஆண்களுக்கு ஒரு பெட்டி, பெண்களுக்கு ஒரு பெட்டி, அவரவர் யோசனையைச் சீட்டில் எழுதிப் போட வேண்டியது, கடைசியில் எண்ணிப் பார்த்துவிட வேண்டியது என்று முடிவு செய்தேன். எங்கள் தச்சரிடம் போய் இரண்டு பெட்டி வேண்டும் என்றேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "யோசனையெல்லாம் எவ்வளவு பெருசா வரும் சார்?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? பெரிதாகவே வரும் என்று சொல்லி வைத்தேன். மனிதர் அதை நம்பி, யானை ஏறி நின்றாலும் தாங்குகிற மாதிரி இரண்டு பெட்டி செய்துவிட்டார். ஆண்களுக்கு நீலம், பெண்களுக்கு ரோஸ். நீலத்தைத் துணி வெட்டும் பிரிவில் மாட்டினேன். ரோஸ் கலரைப் பெண்கள் பையில் பழுது பார்த்துப் பிரிக்கிற சோதனைப் பிரிவில் மாட்டினேன். இரண்டு சாவியும் என் சட்டைப்பையில்.

நீலப் பெட்டி முதல் வாரத்திலேயே நிரம்பிவிட்டது. எண்பத்து மூன்று சீட்டு. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வீட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒருவர், துணியை ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் தைத்து, சோதித்து, அட்டைப் பெட்டியில் அடுக்கிக் கொடுக்கிற மெஷின் ஒன்றைப் படமாகவே வரைந்திருந்தார். அதில் மனிதர்கள் செய்ய வேண்டிய வேலையாக அவர் காட்டியிருந்தது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்வது மட்டுமே. இன்னொருவர் எல்லா நாற்காலிக்கும் சக்கரம் வைக்க வேண்டும் என்று ஒரே யோசனையைப் பதினோரு சீட்டில் எழுதியிருந்தார். வேறொருவர், சூப்பர்வைசரை வாரம் ஒரு முறை வேறு கம்பெனிக்குக் கடன் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தார். கையெழுத்து எனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். இத்தனைக்கும் நடுவில் உங்கள் மகன் எழுதியது தனியாகத் தெரிந்தது. நாலு பக்கம், அடிக்கோடு, கலர் பென்சில். துணியை எந்த வரிசையில் விரித்து வெட்டினால் துண்டு குறையும் என்று அழகாக எழுதியிருந்தார். இதில் பொய் இல்லை சம்பந்தி, படித்த அன்றைக்கே மனதுக்குள் அவரைத் தலைமை நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டேன்.

ரோஸ் பெட்டியில் முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரம் திறந்தபோது ஒரு ஹேர்பின்னும், "பெட்டியின் மூலை போகும்போதும் வரும்போதும் தோளில் இடிக்கிறது" என்று ஒரு சீட்டும் இருந்தன. இதை யோசனை என்பதா, புகார் என்பதா என்று தெரியாமல் புகார்க் கோப்பில் வைத்தேன். அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவே இல்லை. நீலப் பெட்டியைப் படிக்கவே நேரம் போதவில்லை. ஆறாவது வாரக் கடைசியில் அறிக்கையை எழுதி முடித்தேன். பெண்கள் பிரிவில் படைப்பாற்றல் காணப்படவில்லை என்று ஒரு வரி. எழுதியதோடு நின்றிருக்கலாம். நல்ல வாக்கியமாக அமைந்துவிட்டதே என்று, சாப்பிடும்போது வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன்.

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். மாப்பிள்ளை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் அதே சோதனைப் பிரிவில்தான் ஆறு வருடமாக வேலை செய்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் கோபப்படவில்லை. அதிகம் பேசுகிற பெண் இல்லை என்பது தங்களுக்கே தெரியும். தண்ணீர் குடித்துவிட்டு, "அப்பா, அந்த ரோஸ் பெட்டியைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். நான் மோர் கேட்டேன்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் சுவரில் ஆணி இருக்கிறது, பெட்டி இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அறிக்கை மேனேஜர் மேசைக்குப் போயாகிவிட்டது. பெட்டியே இல்லாமல் பெட்டியில் ஒன்றும் இல்லை என்று எழுதியவன் என்று பெயர் வந்தால் ஓய்வு பெறுகிற வயதில் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கிடங்கில் தேடினேன், பரணில் தேடினேன். காவலாளியைக் கூப்பிட்டு, ரோஸ் கலரில் எதையாவது யாராவது வெளியே தூக்கிப் போனார்களா என்று கேட்டதில் அவருக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் சோதனை மேசைக்குக் கீழே விழுந்த என் பேனாவை எடுக்கக் குனிந்தபோது பார்த்தேன். பெட்டி கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் ஒரு செருப்புக் கால்.

அந்தக் கால் நாங்கள் கழுகு அக்கா என்று கூப்பிடுகிறவருடையது. ஒரு தையல் பிசகியிருந்தால்கூடப் பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார், அதனால் அந்தப் பெயர். நான் தரையில் முழங்காலிட்டபடியே வரிசையைப் பார்த்தேன். பதினாறு பெண்கள் நிற்கிறார்கள், ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு பெட்டி. கிடங்கில் சரக்கை எடுத்துவிட்டுப் போட்ட பழைய மரப்பெட்டிகள்தான். எல்லாரும் ஒரு காலைப் பெட்டிமேல் தூக்கி வைத்து, கொஞ்ச நேரம் கழித்துக் கால் மாற்றி நிற்கிறார்கள். இது எவ்வளவு நாளாக என்று கேட்டேன். பெட்டி வந்த இரண்டாவது வாரத்திலிருந்து என்றார் கழுகு அக்கா. தோளில் இடிக்கிறதே என்று கழற்றிக் கீழே வைத்தார்களாம், கீழே வைத்ததை ஒருத்தி கவிழ்த்துக் காலை வைத்துப் பார்த்தாளாம், அன்றைக்குச் சாயங்காலம் அவள் மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனாளாம், மறுநாள் மற்றவர்கள் ஆளுக்கொரு பெட்டி கொண்டுவந்துவிட்டார்களாம். ஒன்பது மணி நேரம் நிற்கிற வேலை சம்பந்தி அது. வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். அந்தப் பிரிவில் இடுப்பு வலி என்று விடுப்பு எடுக்காத வாரமே கிடையாது. இந்த நாலு வாரத்தில் ஒரு விடுப்புகூட இல்லை. பழுதுப் பை கண்ணில் படாமல் தப்பிப் போவதும் பாதியாகக் குறைந்திருந்தது. அதுவும் என் கையெழுத்தோடு என் மேசையிலேயே கிடந்தது. நான்தான் பார்க்கவில்லை.

"ஏன்க்கா, இதை ஒரு சீட்டுல எழுதிப் போட்டிருக்கலாமே" என்றேன்.

"இதைப் போய் எழுதுவாங்களா சார்? இடுப்பு வலிச்சுது, காலை வெச்சோம்" என்றார். அதோடு விட்டிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். ஒரு பையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "எழுதலைன்னாலும் ஒரு தடவை வாயால சொல்லியிருக்கேன். கடிகாரம் நல்லா ஓடுதா சார்?" என்று கேட்டார்.

எங்கள் கூடத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் மாட்டியிருக்கிறதே, தாங்கள் வரும்போதெல்லாம் நேரம் தப்பாமல் ஓடுகிறது என்று பாராட்டுவீர்களே, அது ஒன்பது வருடத்துக்கு முன்னால் கம்பெனி எனக்குக் கொடுத்தது. பையின் தோள்பட்டை வார் எந்த இடத்தில் சேர வேண்டும் என்பதற்கு வார் வரும்போதே ஒரு சிவப்பு நூல் அடையாளம் வைத்துவிட்டால் அளக்க வேண்டியதில்லை என்று நான் சொன்ன யோசனைக்காக. சொன்னது நான்தான். ஆனால் எனக்குச் சொன்னது கழுகு அக்கா. "சரிம்மா, வேலையைப் பாரு" என்று அவரிடம் சொல்லிவிட்டு, அடுத்த வாரக் கூட்டத்தில் என் யோசனையாகச் சொன்னேன். மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. மறக்கவில்லை. தினமும் அதில்தான் மணி பார்க்கிறேன். அன்றைக்கு அந்த மேசைக்குப் பக்கத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது சம்பந்தி, அசடு வழியக்கூட முடியவில்லை. மறுநாள் காலை கடிகாரத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போய் அவர் கையில் கொடுத்தேன். எல்லார் முன்னாலும், மேனேஜரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இது யாருடையது என்று சொன்னேன். கழுகு அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கண்ணாடியில் இடது ஓரம் ஒரு கீறல் இருக்கிறது என்றார். வாங்கிக்கொண்டார்.

மேனேஜர் ஒரு வகுப்பு படித்தவர் இல்லையா, உடனே மறுபக்கம் சாய்ந்துவிட்டார். அப்படியானால் பெண்களுக்குத்தான் படைப்பாற்றல் அதிகம் என்று அறிக்கையை மாற்றி எழுதுங்கள் என்றார். எனக்கு ஒரு முறை பட்டது போதும் என்று இருந்தது. இந்தத் தடவை பேனாவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு எல்லாப் பிரிவையும் நானே சுற்றினேன். வெட்டும் பிரிவில் மௌனம் என்று ஒருவர் இருக்கிறார், வாயைத் திறக்கவே மாட்டார். அவர் கத்தரிப் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கை கொப்பளிக்காமல் வைத்திருந்தார். ஏன் எழுதவில்லை என்று கேட்டால், எழுத்துப் பிழை வந்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று என் காதோடு சொன்னார். தையல் பிரிவில் ஒரு பெண், பெயரே வானொலி, பதினாலு யோசனையை மூச்சு விடாமல் சொன்னார். ரோஸ் பெட்டி தையல் பிரிவுக்கும் சேர்த்துத்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவே இல்லையாம். யார் என்பது வேறு யார், நான்தான். கண்ணால் பார்த்ததையெல்லாம் எழுதி டைப்பிஸ்ட்டிடம் கொடுத்தேன். நல்லதாக எழுதி வந்த சீட்டுகளையும் அதோடு சேர்த்து, பெயர் இல்லாமல் வெறும் எண் போட்டு முப்பத்தொரு சீட்டாக அவர் அடித்தார். எது யார் முதலில் செய்தது என்பதை அவரே போய்க் கேட்டுக் குறித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டார். என் மகளும் மருமகனும் போட்டியில் இருப்பதால் நான் அந்த உறைப் பக்கமே வரக் கூடாது என்று அவர் உத்தரவு. தேர்வு செய்த மூன்று பேரில் நான் இல்லை.

நேற்று எல்லாரையும் கூட்டி வைத்து முடிவைச் சொன்னார்கள். பத்தொன்பதாம் எண், நிற்கிறவர்களுக்குக் கால் வைக்கும் பெட்டி, முதல் இடம். ஏழாம் எண், துணி விரிக்கும் வரிசை, இரண்டாம் இடம். உறையைப் பிரித்தார்கள். ஏழு தங்கள் மகன். பத்தொன்பது, ரோஸ் பெட்டியை முதலில் கவிழ்த்தவள், தங்கள் மருமகள். அதாவது என் மகள். ஆறு வாரம் ஒரே வீட்டில் ஒரே மேசையில் சாப்பிட்டும் எனக்குத் தெரியாது. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் தங்கள் முகம். மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர்தான் முதலில் கை தட்டினார். வீட்டுக்கு வரும் வழியில், "நான் நாலு பக்கம் எழுதினேன் மாமா. அவ ஒரு பெட்டியைத் திருப்பி வெச்சா, பதினாறு பேருக்கு இடுப்பு வலி போச்சு. இதுல நான் வருத்தப்பட என்ன இருக்கு? அப்பாகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க" என்றார். நல்ல பிள்ளையாக வளர்த்திருக்கிறீர்கள். கடைசி வாக்கியத்தில் மட்டும் என்னை மாட்டிவிட்டார்.

ஆகையால் சம்பந்தி, இந்த ஒரு முறை பரிசு எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வந்துவிட்டது, தங்கள் வீட்டு வாசல் ஏறவில்லை. அதைப் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு முன்னால் தாங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அவள் அந்தப் பொறுப்பையே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள், அப்படிப்பட்ட பெண். அவள் அதை விட்டுக்கொடுத்துவிடக் கூடாது என்பதுதான் எனக்கு இப்போது இருக்கிற ஒரே கவலை. அதற்காகத்தான் இவ்வளவு நீளம். மற்றபடி மனதுக்கு நிறைவாக இருக்கிறது. கூடத்தில் கடிகாரம் இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது, ஆனால் அந்தச் சுவரை இப்போது தைரியமாகப் பார்க்க முடிகிறது. அறிக்கையையும் திருத்தி எழுதிவிட்டேன். ஆணுக்கு அதிகமா, பெண்ணுக்கு அதிகமா என்று எண்ணுவதற்கு முன்னால், இதுவரை யாரிடம் கேட்காமல் இருந்தோம் என்று எண்ணிப் பார்க்கவும் என்று ஒரு வரி. மேனேஜருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த வகுப்பில் சொல்லப் போகிறாராம், தன்னுடையதாக.

சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கங்களைச் சொல்லவும். தங்கள் முழங்காலுக்கு எங்கள் அன்பும் அக்கறையும். தாங்கள் கோபத்தோடு வந்தாலும் கோபமில்லாமல் வந்தாலும் எங்கள் வீட்டில் தங்களுக்கு எப்போதும்போல் முதல் நாற்காலிதான்.

என்றும் தங்கள் அன்பையும் மன்னிப்பையும் வேண்டும்,
சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் என் மகள் ஒரு படிவத்தோடு வந்து நின்றாள். பரிசு பெறுகிறவர் நிரப்ப வேண்டியது. இந்த யோசனை யாருடையது என்ற இடத்தில், "என் மாமியாருடையது" என்று எழுதியிருக்கிறாள். என்னம்மா இது என்று கேட்டேன். "கம்பெனியை மூடிக் கூரை மாத்தின ரெண்டு மாசம் அங்க போய் இருந்தேன்ல, அப்பப் பாத்ததுப்பா. அத்தை அடுப்பு முன்னாடி நிக்கும்போது ஒரு கால் எப்பவும் அந்த மரப்பெட்டி மேலதான் இருக்கும். ஏன் அத்தைன்னு கேட்டேன். இப்படி நின்னா இடுப்பு வலிக்காதும்மா, முப்பத்து நாலு வருஷமா இப்படித்தான் நிக்கிறேன், உன் மாமா ஒரு நாளும் கேட்டதில்லைன்னாங்க" என்றாள். நேற்றே சொல்லியிருக்கலாமே என்றேன். "நேத்து யாரும் கேக்கலைப்பா, கைதான் தட்டினாங்க" என்றாள்.

மேனேஜரிடம் போனில் பேசிவிட்டேன். பார்த்துக் கற்றுப் பதினாறு பேருக்குக் கொண்டுவந்தவள் என்பதால் தலைமைப் பொறுப்பு என் மகளுக்கே இருக்கட்டும், பரிசு யோசனைக்குச் சொந்தக்காரருக்குத்தான் என்று சொல்லிவிட்டார். ஆகவே மேலே நான் கேட்ட மன்னிப்பையெல்லாம் தாங்கள் திருப்பிக் கொடுத்துவிடலாம். தாங்கள் மூன்று முறை சொன்னபடியே பரிசு தங்கள் வீட்டு வாசல்தான் ஏறுகிறது. அது ஒரு சுவர்க் கடிகாரம். எங்கள் கம்பெனிக்கு வேறு பரிசு தெரியாது. செவ்வாய்க்கிழமைதோறும் வந்து மற்றப் பிரிவுகளையும் ஒரு பார்வை பார்க்க முடியுமா என்று சம்பந்தி அம்மாவிடம் மேனேஜரே கேட்டாராம், முதல் பஸ்ஸில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்களாம். டீத்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று தாங்கள் திங்கட்கிழமைக்குள் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

முதல் பத்தியில் நல்ல காரியம் என்று நான் எழுதியதை அடித்துவிடவும். சனிக்கிழமை மேனேஜர் படம் எடுக்கிறவரை அழைத்துக்கொண்டு தங்கள் வீட்டுக்கு வருகிறார். வெளியே போட்ட அந்தப் பெட்டியைத் தயவுசெய்து இன்றைக்கே தேடி எடுத்து, துடைத்து, அடுப்புக்கு முன்னால் பழைய இடத்திலேயே வைக்கவும். அங்குலம் பிசகக் கூடாது என்கிறார்கள் சம்பந்தி அம்மா. அளக்கத் தாங்கள் இருக்கிறீர்கள். எந்த இடம் என்று மட்டும் அவர்களிடம் கேட்டுக்கொள்ளவும்.